இடப்பக்கம் சாய்ந்த முள்

'தொட்டுப்பார்' அலுவலகத்துக்குச் சாய்வுமானி வந்து இறங்கிய அன்று முதலாளி பிலோமினா எல்லோருக்கும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். மற்ற மதிப்புரைத் தளங்களில் அந்தக் கருவியின் பெயரைச் சொன்னாலே முகங்கள் இறுகிக்கொண்டிருந்த காலம் அது. திருச்சி தில்லைநகரில், ஒரு தையல்கடைக்கு மேல் மாடியில் இருந்த இந்தச் சின்ன அலுவலகம் மட்டும் அதைக் கல்யாணப் பெண்ணை வரவேற்பதுபோல் வரவேற்றது.

"நமக்கென்ன பயம்? பதினோரு வருஷமா நாம சொல்லிட்டு வந்ததை இனிமே ஒரு மெஷின் சொல்லப்போகுது. அவ்வளவுதானே!" என்றார் பிலோமினா.

இத்ரீஸுக்கும் அப்படித்தான் தோன்றியது. அவன் அங்கே ஏழு வருடமாக இணைப்பு மேசையைப் பார்த்துக்கொள்கிறவன். அந்த வேலையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அந்தக் காலத்தில் ஜனங்கள் பொருள் வாங்கிய விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வீட்டுத்துணை இருந்தது. சமையலறைச் சுவரிலோ கூடத்து மூலையிலோ பதித்த ஒரு குரல். "அம்மாவுக்கு நல்லதா ஒரு காது மெஷின் வாங்கு" என்று சொன்னால் போதும். அது நாட்டிலுள்ள மதிப்புரைத் தளங்களை எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் படித்து, மதிப்பெண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, வாங்கி, மறுநாள் வாசலில் சேர்த்துவிடும். எந்தத் தளத்தில் இருந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனதோ அந்தத் தளத்துக்குக் கமிஷன். ஆகவே ஒரு தளம் போடும் மதிப்பெண்ணில் அரைப் புள்ளி ஏறினால் எங்கோ ஒரு தொழிற்சாலையில் இரண்டாவது ஷிப்ட் ஓடும்; அரைப் புள்ளி இறங்கினால் இன்னொன்றில் விளக்கை அணைப்பார்கள். மதிப்பெண்ணை விற்றுப் பிழைத்த தளங்கள் பெருகின. கடைசியில் சட்டம் வந்தது. கமிஷன் வாங்கும் எந்தத் தளமும் மதிப்பெண் போடுகிறவர் நெற்றியில் சாய்வுமானியைக் கட்டி, அது காட்டும் எண்ணை மதிப்புரைக்குக் கீழே அச்சிட வேண்டும்.

'தொட்டுப்பார்' தளத்துக்கு இந்தச் சட்டமெல்லாம் தேவையே இல்லை என்பது இத்ரீஸின் எண்ணம். அலுவலகத்தின் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கம் இத்ரீஸும் ஒப்பந்தக் காகிதங்களும். அந்தப் பக்கம் மதிப்புரையாளர்கள். எந்தப் பொருளுக்கு என்ன கமிஷன் என்பது அந்தப் பக்கத்துக்குத் தெரியக்கூடாது. மதிப்பெண் வெளியான பிறகுதான் இத்ரீஸ் இணைப்பைப் போட வேண்டும். பால்கனியில் நின்று டீ குடிக்கும்போது சினிமா பேசலாம், காவிரியில் தண்ணீர் வந்ததைப் பேசலாம், வேலை பேசக்கூடாது. இதெல்லாம் பிலோமினா போட்ட விதிகள். தூத்துக்குடியில் பாலிடெக்னிக் ஆசிரியையாக இருந்தவர். விதி என்றால் விதி. ஒரு தடவை ஒரு செல்போன் கம்பெனி போனோடு ஒரு கிலோ மஸ்கோத் அல்வாவை வைத்து அனுப்பியது. அல்வாவைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்தச் செய்தியையும் மதிப்புரையிலேயே எழுதினார். போனுக்கு எட்டு கொடுத்தார். "அல்வா தந்தாவங்கிறதுக்காக நல்ல போனைக் கெட்டதுன்னு சொல்ல முடியுமா?" என்று அன்று அவர் கேட்டது இத்ரீஸுக்கு இன்னும் காதில் இருந்தது.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் கைப்பட எழுதிய வரி இருக்கும்: 'இந்த இணைப்பின் வழியாக நீங்கள் வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் கிடைக்கும். அதற்காக இங்கே ஒரு சொல்லும் மாறாது.'

சாய்வுமானியோடு வந்த பெண்ணின் பெயர் அழகம்மை. காரைக்குடிக்காரி, படபடவென்று பேசுகிறவள். பள்ளிப் பிள்ளைகள் தலையில் மாட்டும் பட்டைபோல் இருந்த ஒன்றைப் பிலோமினாவின் நெற்றியில் பொருத்தினாள். திரையில் ஒரு அரைவட்டமும் நடுவில் பூஜ்யத்தில் நிற்கும் ஒரு முள்ளும் தெரிந்தன.

"இது பொய்யைக் கண்டுபிடிக்கிற மெஷின் இல்லை மேடம். எல்லாரும் அப்படி நினைச்சுப் பயப்படறாங்க. நீங்க ஒரு பொருளுக்கு மார்க் போடறப்ப மண்டைக்குள்ள ஒரு பஞ்சாயத்து நடக்கும். கண்ணு சாட்சி சொல்லும், கை சாட்சி சொல்லும், காது சொல்லும். சில நேரம், அந்தப் பொருளைப் பாக்கவே பாக்காத ஒருத்தரும் சாட்சி சொல்ல உள்ள நுழைஞ்சிடுவார். அந்த வெளியாள் சாட்சியம் நூத்துல எத்தனைன்னு மட்டும்தான் இது காட்டும். வலப்பக்கம் போனா பொருளுக்குச் சாதகமாச் சாய்ஞ்சிருக்கீங்க. இடப்பக்கம் போனா பாதகமா."

"பத்துக்குள்ள இருந்தா?"

"மனுஷங்கதானேன்னு விட்டுடலாம். பத்தைத் தாண்டினா அந்த மார்க் செல்லாது. எடுத்துடணும்."

பழைய மதிப்பெண்கள் தளத்தில் நீடிக்க வேண்டுமானால், அதைப் போட்டவரே பட்டையை மாட்டிக்கொண்டு அந்தப் பொருளை மறுபடி கையில் எடுத்து, அதே எண்ணை உறுதிசெய்ய வேண்டும். பிலோமினா தன் கையால் போட்ட பன்னிரண்டு பொருள்களை மேசையில் வரிசையாக வைத்திருந்தார்கள். அன்று ஒருநாள் மட்டும் தடுப்பின் இருபக்கத்து ஆட்களும் ஒன்றாக நின்று பார்த்தார்கள்.

அல்வாக் கம்பெனியின் செல்போன்: வலப்பக்கம் இரண்டு. எல்லோரும் கைதட்டினார்கள். மிக்ஸி: இடப்பக்கம் மூன்று. ரத்த அழுத்தக் கருவி: பூஜ்யம். "பூஜ்யத்தை நான் இதுவரைக்கும் பாத்ததே இல்லை மேடம்" என்றாள் அழகம்மை. பிலோமினாவின் காதுமடல் சிவந்ததை இத்ரீஸ் கவனித்தான்.

ஏழாவதாக வந்தது ஒரு மெத்தைவிரிப்பு. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்க, உடம்பின் பாரம் எங்கே அழுத்துகிறது என்று பார்த்து, காற்றறைகளை மாற்றி மாற்றி நிரப்பும் விரிப்பு. 'இலவம்' என்று பெயர். பெருந்துறையில் ஒரு சின்னக் கம்பெனி செய்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பிலோமினா அதற்குப் பத்துக்கு ஐந்து போட்டிருந்தார். அதே வாரம் ஒரு பெரிய கம்பெனியின் விரிப்புக்கு எட்டு.

விரிப்பைத் தடவிப் பார்த்தார். அமுக்கிப் பார்த்தார். மோட்டாரை ஓடவிட்டுக் கேட்டார். "அஞ்சு. மாத்தமில்லை" என்றார்.

முள் இடப்பக்கம் சரசரவென்று போய் நாற்பத்தொன்றில் நின்றது.

அழகம்மை பட்டையைக் கழற்றித் துடைத்து மறுபடி பொருத்தினாள். ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னாள். முள் பூஜ்யத்தில் அசையாமல் இருந்தது. கருவியில் கோளாறு இல்லை. விரிப்பைத் திரும்பக் கொடுத்தாள். நாற்பத்துமூன்று.

"இந்தக் கம்பெனிக்காரங்களோட உங்களுக்கு ஏதாவது தகராறு உண்டா மேடம்?"

"ஆளையே பாத்ததில்லை. பேருகூடத் தெரியாது" என்றார் பிலோமினா. நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார்.

குழம்பாமல் நின்றவன் இத்ரீஸ் ஒருவன்தான். அவன் பார்வை பால்கனிப் பக்கம் போனது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு அவன் தன் மேசையில் அந்த இரண்டு பழைய மதிப்புரைகளையும் அருகருகே திறந்து வைத்தான். இலவம் பற்றி: 'மோட்டாரின் சத்தம் எரிச்சலூட்டுகிறது.' பெரிய கம்பெனி பற்றி: 'மோட்டார் லேசாக முனகுகிறது, இரண்டு நாளில் பழகிவிடும்.' இலவம்: 'தையல் மலிவானது.' மற்றது: 'தையல் எளிமையானது.' மின்சாரம் போனால் இலவத்தில் காற்று நாலு மணி நேரம் நிற்கும் என்ற விஷயம் கடைசிப் பத்தியில் ஒரே வரியாக இருந்தது. மெலிந்த உடம்புகளின் பாரத்தைப் பெரிய கம்பெனியின் விரிப்பு சரியாக உணர்வதில்லை என்பதும் இருந்தது, அடைப்புக்குறிக்குள். பொய் என்று ஒரு வரிகூட இல்லை. எல்லாம் நடந்ததுதான், அளந்ததுதான். ஆனால் ஒரே சத்தத்துக்கு ஒரு இடத்தில் எரிச்சல் என்றும் இன்னொரு இடத்தில் முனகல் என்றும் பெயர் வைத்தது யார்?

அவன் தடுப்பைத் தாண்டிப் போனான். பிலோமினா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. ஏன் முழிக்கே?"

"அந்த மெத்தை உங்க மேசையில இருந்தப்ப, பால்கனியில டீ குடிச்சுட்டு இருந்தோம். நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். பெருந்துறைக்காரர் ஒருத்தர் இருபது சதவீதம் கமிஷன் தர்றாராம், மத்தவங்க நாலு குடுக்கிறதே பெருசுன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னேன். நீங்க 'இருபதா? எதை மறைக்கதுக்கு?'ன்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் மழை வந்துருச்சு, உள்ள போயிட்டோம்."

பிலோமினா மெதுவாகத் தலையாட்டினார்.

"ஞாபகம் வருது."

"நான் விதியை மீறிட்டேன்கா. வேலையை விட்டுடறேன். நாளைக்கே—"

"உக்காரு" என்றார். "நீ சொன்னது ஒரு வரி. அதை மறந்துட்டதா நெனைச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் உள்ளுக்குள்ள வச்சிருந்தவ நான். துட்டுக்கு மயங்கிரக்கூடாதுன்னு சுவரைக் கட்டினேன், இத்ரீஸ். துட்டைக் கண்டா எரிச்சல் வரும்னு எனக்குத் தோணவே இல்லை பாரு. காசு தாரேன்னு சொன்னவனை அடிச்சா நான் நேர்மையானவள்னு உள்ள ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்கு அவன் மெத்தையை வித்திருக்கேன்."

இத்ரீஸ் கொஞ்சம் தயங்கிவிட்டு, இணைப்பு மேசைக்காரனாகப் பேசினான். "அக்கா, சட்டப்படி மார்க்கை எடுத்தாப் போதும். காரணம் எழுதணும்னு எங்கயும் சொல்லலை. காரணம் எழுதினா வீட்டுத்துணைங்க நம்மளை விட்டுடும். தப்புன்னு தானே ஒத்துக்கிட்ட தளத்துக்கு அதுங்க நம்பிக்கைப் புள்ளியைக் குறைச்சுடும். அப்படித்தான் அதுங்களைச் செஞ்சு வச்சிருக்காங்க. ஒண்ணும் சொல்லாம எண்ணை மட்டும் எடுத்துட்டா யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாதுல்லா?"

"தெரியாதுக்கா."

"அதுனாலதான் வேண்டாம்கேன்."

அன்று சாயங்காலத்துக்குள் அவர் எழுதி முடித்தார். மூன்றே பத்திகள். முள் எங்கே நின்றது என்ற படம் மேலே. இலவத்துக்குப் போட்ட ஐந்து செல்லாது, அந்த ஐந்தின் பக்கத்தில் நின்றதால் பெரிய கம்பெனியின் எட்டும் செல்லாது என்று முதல் பத்தி. இரண்டாவதில் நடந்த கதை. மூன்றாவதில், பெரிய கம்பெனியின் விரிப்பு மெலிந்த உடம்புக்கு ஆகாது என்று அன்றே தெரிந்தும் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கியது. கதையை எழுதும்போது இத்ரீஸைக் கூப்பிட்டுக் கேட்டார்: "உன் பேரு வரணும். வராம எழுதினா பாதி உண்மைதான். உனக்குச் சம்மதம் இல்லைன்னா சொல்லு, 'அலுவலகத்தில் ஒருவர்'னு போடுதேன்."

அவனுக்குக் கூச்சமாகவும் வலியாகவும் இருந்தது. ஊரெல்லாம் படிக்கும். மனைவி ஷமீமாவின் அண்ணன் படிப்பான். ஆனாலும் அந்தப் பக்கத்தில் 'பிலோமினா' என்ற பெயர் தனியாக நிற்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. "போடுங்கக்கா" என்றான்.

பக்கத்தின் அடியில் பதினோரு வருடமாக இருந்த வரியையும் அவர் திருத்தினார். 'அதற்காக இங்கே ஒரு சொல்லும் மாறாது' என்பதை அடித்துவிட்டு, 'மாறாமல் இருக்க முயல்கிறோம். எவ்வளவு முடிந்தது என்பதைக் கீழே பாருங்கள்' என்று எழுதினார்.

இத்ரீஸ் பயந்தது அப்படியே நடந்தது. ஒரே வாரத்தில் துணைகள் அவர்களைக் கைகழுவின. வாங்குகிறவர்களின் வரத்து மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. வருமானம் போனதால், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இத்ரீஸ் இருந்த இடத்தை ஒரு டியூஷன் சென்டருக்கு வாடகைக்கு விட்டார்கள். "அப்ப நானும் அந்தப் பக்கமே வந்து உக்காந்துக்கறேன்கா" என்று இத்ரீஸ் சொன்னதும் பிலோமினா பதறிப்போனார். கடைசியில் கீழே தையல்கடையில், துணி வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு இடம் பேசினார். அன்றுமுதல் அவன் ஒப்பந்தக் காகிதங்களில் ஒட்டியிருக்கும் நூலைத் தட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது.

போட்டித் தளங்கள் சிரித்தன. வாசகர்கள் சிலர் திட்டினார்கள், சிலர் கொண்டாடினார்கள். இத்ரீஸின் மனசில் நின்றது ஒரு போன் மட்டும்தான். அறந்தாங்கியிலிருந்து இந்திராணி என்ற பெண் பேசினாள். பிலோமினா ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டார்.

"உங்க எட்டை நம்பித்தாங்க எங்க துணை அந்த மெத்தையை வாங்குச்சு. எங்க வீட்டுக்காரரு ஒல்லியான உடம்பு. ஆறே மாசத்துல இடுப்புல புண்ணு. நான்தான் சரியாப் பாத்துக்கலைன்னு எங்க நாத்தனா இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுறாங்க. நானும் அப்படித்தான் நெனைச்சுட்டு இருந்தேன். இப்ப நீங்க எழுதியிருக்கீங்க, மெலிஞ்ச உடம்புக்கு அது ஆகாதுன்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்னு."

"தெரியும்மா. அடைப்புக்குறிக்குள்ள எழுதியிருந்தேன்" என்றார் பிலோமினா. வேறு எதையும் சேர்க்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை எடுத்து நீட்டி, அந்தப் பெண்ணைச் சரி என்று சொல்லவைக்கவும் இல்லை.

"அதை நாத்தனாகிட்ட நீங்களே சொல்றீங்களா?" என்றாள் இந்திராணி.

அவர் சொன்னார். கால் மணி நேரம் அந்த நாத்தனாரிடம், இரண்டு விரிப்புகளும் எப்படி வேலை செய்கின்றன என்று பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துவதுபோல் விளக்கினார். இத்தனை வருடத்தில் அவரை இத்ரீஸ் மதித்திருக்கிறான், கொஞ்சம் பயந்தும் இருக்கிறான். இந்த மனுஷியோடு வேலை செய்வது தன் அதிர்ஷ்டம் என்று அன்றுதான் வாய்விட்டு ஷமீமாவிடம் சொன்னான்.

இலவத்தை மறுபடி சோதிக்கப் புது விரிப்பு வேண்டும். கம்பெனியின் எண் வேலை செய்யவில்லை. விசாரித்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை பஸ் பிடித்து இருவரும் பெருந்துறை போனார்கள்.

அதைச் செய்தவர் பெயர் செங்கோடன். ஐம்பது வயது இருக்கும். கம்பெனியை மூடிவிட்டு, இன்னொருவருடைய ஃபோம் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றவர்கள் யார் என்று தெரிந்ததும் அவருடைய மனைவி தங்கமணி, "இப்ப வந்து என்ன பண்றதுக்குங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். செங்கோடன்தான், "உள்ள வாங்க அம்மணி, வெயில்ல நிக்காதீங்க" என்றார்.

"நீங்க ஏன் இருபது சதவீதம்னு எழுதினீங்க?" என்று பிலோமினா கேட்டார். குற்றம்சாட்டும் குரல் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரிந்தாக வேண்டியிருந்தது.

"எங்களுக்கு விளம்பரத்துக்கெல்லாம் ஏதுங்க வசதி? அதிகமாக் குடுத்தாத்தான் திரும்பியே பாப்பாங்கன்னு ஒருத்தரு சொன்னாருங்க. அதுதான் இந்தத் தொழில்ல மொறையாக்கும்னு நெனைச்சுட்டேனுங்க. தப்புங்களா?"

செங்கோடனே எழுந்து உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"எந்தம்பிக்குத்தானுங்க மொதல்ல செஞ்சேன். உள்ள இருக்கறானுங்க. வாங்க, பாருங்க."

பிலோமினா அந்த அறை வாசலில் நின்றுவிட்டார். இத்ரீஸுக்குப் புரிந்தது. சோதனைக்கு முன்னால் பொருளைச் செய்தவர் வீட்டில் காப்பிகூடக் குடிக்கக்கூடாது என்பது அவர் போட்ட விதிகளில் ஒன்று. உள்ளே போய் அந்த மனிதரைப் பார்த்துவிட்டால் இனி இந்த விரிப்புக்கு அவரால் நேராக மதிப்பெண் போட முடியாது. போகாமல் திரும்பினால், படுத்துக் கிடக்கும் ஒருவரை வாசல்வரை வந்து பார்க்காமல் போனவர் ஆகிவிடுவார். தயங்கியது ஒரு நிமிஷம்கூட இருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

தம்பி நல்லசிவம் ஆறு வருடமாகப் படுக்கையில் இருந்தார். தறிப்பட்டறையில் பாரம் விழுந்து முதுகு போய்விட்டது. சிரித்த முகம். "அஞ்சு மார்க் போட்ட அம்மணி நீங்கதானுங்களா?" என்றார்.

"நாந்தான்."

"சத்தம் வருதுன்னு எழுதியிருந்தீங்களே, அது நெசந்தானுங்க. எங்கூட்டுக்காரி அதுக்குத்தான் பக்கத்து ரூமுல படுக்கறா. ஆனா எனக்கு அது பேச்சுத்துணைங்க. ஆறு வருசத்துல ஒரு புண்ணு வந்ததில்லை."

பிலோமினா அவர் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பேசினார். மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நல்லசிவம் கடல் பார்த்ததில்லையாம். இவர் தூத்துக்குடிக் கடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது தங்கமணி மோர் கொண்டுவந்து கொடுத்தார். பிலோமினா வாங்கிக் குடித்தார்.

விற்காமல் மிஞ்சியதில் ஒரு விரிப்பைச் செங்கோடன் கட்டிக் கொடுத்தார். "ஒண்ணே ஒண்ணுங்க. இந்தத் தடவை கமிஷன் கிடையாது. ஒரு பைசா தரமாட்டேனுங்க" என்றார். சொல்லிவிட்டுத் தன் துணிச்சலைத் தானே பார்த்துத் திகைத்தவர்போல் நின்றார்.

திங்கட்கிழமை பிலோமினா பட்டையை மாட்டிக்கொண்டு இலவத்தைச் சோதித்தார். முழு நாளும் எடுத்துக்கொண்டார். கடைசியில் "ஒம்போது" என்றார்.

முள் வலப்பக்கம் போய் ஐம்பத்திரண்டில் நின்றது.

அவர் பட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "நான் செஞ்ச தப்புக்குப் பாவசங்கீர்த்தனமா ஒம்போது போட்டிருக்கேன் பாரு. இதுல மெத்தை எங்க இருக்கு?" என்றார். சிரிப்பு அடங்கியபின் அமைதியாகச் சொன்னார்: "தெரிஞ்சவ மார்க் போடக்கூடாது, இத்ரீஸ். ஒப்பந்தமும் ஆளும் இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு எனக்குத் தெரிஞ்சிரும். நான்தான் முதலாளி, தெரியாம எப்படி இருக்கும்? இனிமே ஒரு பொருளுக்கும் நான் மார்க் போடமாட்டேன்."

அது அவர் உயிராக நினைத்த வேலை. அதை ஒரு பேனாவை மூடி வைப்பதுபோல் வைத்தார்.

சந்தையில் கிடைத்த ஐந்து விரிப்புகளை வாங்கி, செங்கோடன் தந்ததையும் சேர்த்து ஆறுக்கும் கீழே தையல்கடையில் ஒரே மாதிரி காக்கி உறை தைத்துப் போட்டார்கள். பெயரோ அடையாளமோ இல்லை, எண் மட்டும். அதை மதிப்பிட வேண்டியவள் நப்பின்னை. ஸ்ரீரங்கத்துப் பெண், சேர்ந்து ஐந்து மாதம்தான். இலவத்தையோ மற்றவற்றையோ அவள் முன்பு தொட்டதே இல்லை. ஒரு முதியோர் இல்லத்தில் மூன்று வாரம், மெலிந்தவர்களும் பருத்தவர்களுமாகப் படுக்கவைத்து, நர்ஸுகளிடம் கேட்டு, மின்சாரத்தை நிறுத்திப் பார்த்து, குறிப்பெடுத்தாள். அந்த மூன்று வாரமும் பிலோமினா அவளோடு ஒரே நேரத்தில் டீ குடிக்கக்கூட வரவில்லை.

நப்பின்னை நெற்றியில் பட்டையோடு எண்களைப் படித்தாள். நான்காம் எண் விரிப்புக்கு ஏழு. ஆறில் அதற்குத்தான் முதலிடம். முள் வலப்பக்கம் இரண்டு.

காக்கி உறையைக் கிழித்தபோது நான்காம் எண் இலவமாக இருந்தது.

'மெலிந்த உடம்புக்கு இதைவிட நல்ல விரிப்பு இன்று சந்தையில் இல்லை. ஆனால் பக்கத்தில் இன்னொருவர் தூங்க முடியாது' என்று அவள் எழுதியிருந்தாள். இத்ரீஸ் இணைப்பைப் போட்டான். பக்கத்தின் அடியில் இப்படிச் சேர்த்தான்: 'இந்தப் பொருளுக்கு எங்களுக்குக் கமிஷன் இல்லை.' துணைகள் இன்னும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் சில வீடுகளில் மனிதர்களே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் படித்தார்கள், துணையிடம் பெயரைச் சொல்லி வாங்கச் சொன்னார்கள். செங்கோடனிடம் மிஞ்சிக் கிடந்ததில் முதல் வாரத்தில் அறுபத்திரண்டு விரிப்புகள் விற்றன. அதில் ஒன்று அறந்தாங்கிக்குப் போனது.

அந்த வாரக் கடைசியில் செங்கோடன் போன் செய்தார். பிலோமினா தையல்கடைக்கு இறங்கி வந்து, இத்ரீஸின் மேசையில் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"ஏழு போட்டிருக்காங்களே அம்மணி, நீங்களா போட்டீங்க?"

"நான் இல்லை. எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு. எது உங்களோடதுன்னே அவளுக்குத் தெரியாது."

"நம்ம கதையெல்லாம் அவங்களுக்குத் தெரியுங்களா?"

"அது ஊருக்கே தெரியும். மெத்தை எதுன்னுதான் தெரியாது."

"அப்ப இது நெசமான ஏழுங்க" என்றார் செங்கோடன். பிறகு உற்சாகமானார். "அந்தச் சத்தத்தைப் பத்தித்தான் கூப்பிட்டேனுங்க. தம்பியும் நானும் உக்காந்து யோசிச்சு ஒரு வழி வெச்சிருக்கறோம். அந்த வால்வு இருக்குதுங்களே, அதுக்கு அடியில—"

"சொல்லாதீங்க!" என்று பிலோமினா கிட்டத்தட்டக் கத்தினார். துணி வெட்டிக்கொண்டிருந்த தையல்காரர் நிமிர்ந்து பார்த்தார். "சொல்லாதீங்க, ஐயா. எனக்குத் தெரிஞ்சா மாடியில அந்தப் பொண்ணு என் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிருவா. நீங்க செஞ்சு அனுப்புங்க. அவ காதால கேக்கட்டும்."

"சரிங்க அம்மணி" என்று செங்கோடன் சிரித்தார். "செஞ்சே அனுப்பறேனுங்க."

போனை வைத்துவிட்டு பிலோமினா கையைக் கட்டிக்கொண்டார். மாடிப்படியைப் பார்த்தார்.

"வால்வுக்கு அடியில என்ன செய்வாரு?" என்றார் தனக்குத்தானே.

"அக்கா" என்றான் இத்ரீஸ்.

"சரி, சரி. நான் கேக்கலை."